உதிர்ந்த அணிகள் – 11: இரண்டு கோப்பைகளும் ஒரு நிலுவைச் சீட்டும்

2022 ஆகஸ்ட்டில் ஆல்பனி எம்பயர் அணி சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் கரோலினா கோப்ராஸை 47–20 என்று அடித்து நொறுக்கிக் கோப்பையைத் தூக்கியது. நேஷனல் அரினா லீகில் அதற்கு அது தொடர்ந்து இரண்டாவது பட்டம். சேர்ந்ததிலிருந்து ஆடி முடித்த இரண்டு சீசன்களிலும் அதுவே சாம்பியன். அடுத்த ஆண்டு ஜூன் 15 அன்று அதே லீக், அந்த அணியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்தது. நடுவில் பத்து மாதம்தான் ஓடியிருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை வந்த அணிகள் பெரும்பாலும் தோற்றுத் தோற்று ஓய்ந்தவை. ஆட்டம் சரியில்லை, கூட்டம் வரவில்லை, கடை மூடியது என்று இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆல்பனி வேறு ரகம். அங்கே ஆட்டம் நன்றாக இருந்தது, கூட்டமும் வந்தது. உள்ளரங்கக் கால்பந்தில் வெற்றிக்கணக்கு ஒரு பேரேடு, பணக்கணக்கு இன்னொரு பேரேடு. ஒன்றில் எழுதியது மற்றதில் ஏறுவதில்லை. இதை அந்த ஊர் அளவுக்குப் பட்டு அறிந்த ஊர் அமெரிக்காவில் அதிகம் இருக்காது.

நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஆட்டத்தை மறுபடி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் இங்கே கால்பந்து என்று சொல்வது இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலின் சுருங்கிய வடிவம். வெளி மைதானத்தில் கோட்டுக்குக் கோடு 100 கெஜம், அணிக்கு 11 பேர். ஐஸ் ஹாக்கி அரங்குக்குள் அடைபட்டபோது அது 50 கெஜமாகி, அணிக்கு 8 பேர் என்று ஆனது. ஓரத்தில் கோட்டுக்குப் பதில் மெத்தை வைத்த சுவர். கோல் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிய வலை. அதில் பட்டுத் திரும்பும் பந்து செத்த பந்து இல்லை, ஓடிப்போய் யாரும் பிடிக்கலாம். குறுகலான தெருவில் கிரிக்கெட் ஆடும்போது எதிர்வீட்டுச் சுவரில் பட்டு வருவதை ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட் என்று வைத்துக்கொள்வோமே, இடம் போதாத ஆட்டத்தில் சுவரும் ஓர் ஆட்டக்காரராகிவிடும் அந்தக் கதைதான்.

இதை யோசித்தவர் ஜிம் ஃபாஸ்டர். 1981 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே ஒரு உறையின் மேல் இதற்குப் படம் போட்டார். 1987-ல் நான்கு அணிகளோடு அரினா ஃபுட்பால் லீக் தொடங்கியது. ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1990-ல். அதனால் மற்ற உள்ளரங்க லீக்குகள் அந்த வலையைக் கட்ட முடியாமல் வெகுகாலம் வெறும் கம்பத்தோடு ஆடின. ஒரு விளையாட்டையே ஒருவர் காப்புரிமைச் சீட்டில் வைத்திருந்தது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கில்லிக்கு யாராவது காப்புரிமை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருப்போம்!

ஆல்பனிக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம் நியூயார்க் நகரம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஹட்சன் நதியோரம் வடக்கே 240 கிலோமீட்டர் தள்ளியிருக்கும், சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஆல்பனி. அரசு அலுவலர்கள் நிறைந்த ஊர். பெரிய லீக் அணி எதுவும் அங்கே இல்லை. 1990 ஜனவரியில் நிக்கர்பாக்கர் அரினா என்ற பெரிய உள்ளரங்கத்தை ஃபிராங்க் சினாட்ராவின் கச்சேரியோடு திறந்தார்கள். பிற்பாடு அதற்கு பெப்சி அரினா, டைம்ஸ் யூனியன் சென்டர், எம்விபி அரினா என்று பெயர் மாறிக்கொண்டே போனது. பெயருக்குக் காசு கொடுப்பவர் மாறினார், கட்டடம் அதேதான். இந்தக் கதையில் கடைசிவரை நிலைத்து நிற்கும் ஒரே பாத்திரமும் அந்தக் கட்டடம்தான்.

அரங்கம் திறந்த அதே ஆண்டு ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸ் அரினா ஃபுட்பால் லீகில் சேர்ந்தது. 1994-ல் அந்த அணிக்கு லூசியானா டெக்கில் படித்த எடி பிரவுன் என்ற ரிசீவர், அதாவது வீசும் பந்தைப் பிடிப்பவர், வந்து சேர்ந்தார். அவர் பந்தைத் தொட்டால் டச்டவுன் என்று ஊரே நம்பியதால் ‘டச்டவுன் எடி’ என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. 2006-ல் லீக் தன் இருபதாண்டு வரலாற்றின் சிறந்த ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் அவருக்கு. 1999-ல் ஃபயர்பேர்ட்ஸ் ஆல்பனியிலேயே ஆர்லாண்டோ பிரிடேட்டர்ஸை 59–48 என்று வென்று அரினா பவுல் பட்டத்தைப் பிடித்தது. எடி பிரவுன் ஆல்பனிக்கு வந்த கோடையில் அவருடைய மகனுக்கு ஆறு வயது. பெயர் ஆன்டோனியோ. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் வென்ற அடுத்த ஆண்டு சீசன் முடிந்ததும் உரிமையாளர் அணியை இண்டியானாபொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே புதிய பெரிய அரங்கம், பெரிய சந்தை. அமெரிக்காவில் அணி என்பது ஊரின் சொத்து இல்லை, ஃபிரான்சைஸ் உரிமம் வைத்திருப்பவரின் சொத்து. அவர் லாரி வரவழைத்தால் கோப்பையும் பெயரும் சேர்ந்தே போய்விடும். இண்டியானா ஃபயர்பேர்ட்ஸ் 2004-ஐத் தாண்டவில்லை என்பது ஆல்பனிக்காரர்களுக்கு ஆறுதலாக இருந்ததோ என்னவோ.

2002-ல் ஊருக்கு ஒரு மாற்று கிடைத்தது. அரினா ஃபுட்பால் லீக் தனக்குக் கீழே நடத்திய ‘ஏஎஃப்2’ என்ற இரண்டாம் தட்டு லீகில் ஆல்பனி கான்க்வெஸ்ட். ஏழு ஆண்டு அந்தப் பெயரில் ஆடியது. 2009-ல் பழைய பாசத்தில் ஃபயர்பேர்ட்ஸ் என்று பெயரை மாற்றினார்கள். மாற்றிய அந்த ஆண்டே கடையும் மூடியது. காரணம் ஆல்பனியில் இல்லை. தாய் லீக் 2009 சீசனையே ரத்து செய்துவிட்டுத் திவாலாகிக்கொண்டிருந்தது, அதோடு குட்டி லீகும் கலைந்தது.

ஒன்பது ஆண்டு சும்மா கிடந்தது அரங்கம். அதாவது, இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை.

2018-ல் வந்ததுதான் முதல் எம்பயர். அதற்குள் திவாலிலிருந்து எழுந்து மறுபடி இளைத்துப்போயிருந்த அரினா ஃபுட்பால் லீகில் மொத்தமே நான்கு அணிகள். உள்ளூர்ப் பிரமுகர்கள் சிலர் சேர்ந்து பணம் போட்டார்கள். பயிற்சியாளர் ராப் கீஃப், பந்து வீசும் குவார்ட்டர்பேக் டாமி கிரேடி. முதல் ஆண்டே 8 வெற்றி, 4 தோல்வி, பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் சீசன் முழுக்க இரண்டே ஆட்டம் வென்றிருந்த வாஷிங்டன் வாலர் அணியிடம் சறுக்கினார்கள். நான்கே அணிகள் இருக்கும் லீகில் நால்வருக்கும் அரையிறுதி உண்டு என்பதால் வந்த வினை. அந்த வாஷிங்டன்தான் அவ்வாண்டு பட்டமும் வென்றது. 2019-ல் அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. 10 வெற்றி, 2 தோல்வி. ஆகஸ்ட் 11 அன்று ஆல்பனியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியா சோலை 45–27 என்று வென்றபோது அரங்கில் 12,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கீழ்த்தட்டு விளையாட்டில் அது திருவிழாக் கூட்டம்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 27 அன்று லீக் திவால் மனு போட்டது. இந்த முறை சொத்தை விற்றுக் கடனைத் தீர்த்துக் கதவைச் சாத்தும் வகைத் திவால். காரணமாகச் சொல்லப்பட்டது, ஆல்பனி அந்த லீகில் இல்லாத காலத்துப் பாக்கி: 2009 முதல் 2012 வரை ஆட்டக்காரர்களின் பணிக்காயங்களுக்கு இழப்பீடு அளித்த காப்பீட்டு நிறுவனம் பல மில்லியன் டாலர் கேட்டுத் தொடுத்த வழக்கு. மெத்தைச் சுவரில் மனிதர்கள் மோதுவதைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் தொழிலில் மருத்துவச் செலவு பின்னாலேயே வராமல் இருக்குமா? ஆல்பனி ரசிகர் கொடுத்த டிக்கெட் காசுக்கும் அந்த வழக்குக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இருந்தும் கோப்பையோடு அணியும் போனது.

இரண்டாவது எம்பயர்தான் இந்த அத்தியாயத்தின் நாயகன். பெயரும் அரங்கமும் அதே, நிறுவனம் புதிது. 2021-ல் நேஷனல் அரினா லீகில் சேர்ந்தது. இந்த லீக் ஆடத் தொடங்கியதே 2017-ல்தான். பழைய அரினா லீக் மேல்தட்டு என்றால் இது அதற்கு ஒரு படி கீழே. டாம் மெனாஸ் பயிற்சியாளர். டாமி கிரேடி மறுபடி பந்து வீச வந்தார். இறுதி ஆட்டத்தில் கொலம்பஸ் லயன்ஸை 79–62 என்று வென்றார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 141 புள்ளி. வெளி மைதானத்து ஆட்டங்கள் மூன்றில் எடுப்பது இங்கே ஒன்றிலேயே வந்துவிடும். 2022-ல் சாம் காஸ்ட்ரோனோவா என்ற இளம் குவார்ட்டர்பேக். மீண்டும் பட்டம்.

இந்தத் தட்டில் பணம் எப்படிப் புழங்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பிறகு வருவது அப்போதுதான் புரியும். பெரிய தேசிய லீகான என்எஃப்எல்லில் தொலைக்காட்சி உரிமப் பணம் மட்டுமே ஓர் அணியைத் தூக்கி நிறுத்திவிடும். இங்கே அந்த வரவு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். டிக்கெட், உள்ளூர்க் கார் விற்பனையாளர் கொடுக்கும் விளம்பரப் பலகைக் காசு, தொப்பி பனியன் விற்பனை, இவ்வளவுதான். சொந்த ஊரில் நடக்கும் ஆட்டம் சீசனுக்கு ஆறோ ஏழோ; அந்த ஆறேழு இரவுகளில் ஆண்டு முழுமைக்கும் சம்பாதித்தாக வேண்டும். செலவோ நிற்காது. அரங்க வாடகை, செயற்கைப் புல்லை விரித்துச் சுருட்டும் கூலி, காப்பீடு, பேருந்து, விடுதி, சாப்பாடு. 2023-ல் லீகில் இருந்த அணிகளில் இரண்டு டெக்சாஸில். சான் அன்டோனியோவுக்கும் ஆல்பனிக்கும் சாலைவழியே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். இதற்கெல்லாம் மேலே லீகை நடத்துவதற்கு ஒவ்வோர் அணியும் குறித்த தேதியில் கட்ட வேண்டிய பங்குத்தொகை.

ஆட்டக்காரர் சம்பளம் இந்தப் பட்டியலில் பெரிய உருப்படி இல்லை என்பதுதான் வேதனை. மேல்தட்டு அரினா லீகே 2010-ல் திரும்பி வந்தபோது ஓர் ஆட்டத்துக்கு 400 டாலர்தான் கொடுத்தது. பிறகு ஏன் ஆடுகிறார்கள்? கர்ட் வார்னர் என்ற ஒரு பெயர் போதும். அயோவாவில் சூப்பர்மார்க்கெட்டில் மணிக்கு ஐந்தரை டாலருக்கு அலமாரி அடுக்கிய மனிதர், 1995 முதல் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற உள்ளரங்க அணியில் மூன்று சீசன் ஆடினார். 2000 ஜனவரியில் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையே வென்று அந்த ஆட்டத்தின் நாயகனாக நின்றார். அதற்குப் பிறகு இந்த மெத்தைச் சுவருக்குள் இறங்கிய ஒவ்வோர் இளைஞனுக்கும் தான்தான் அடுத்த வார்னர் என்ற எண்ணம். அந்த நம்பிக்கையையும் ஒரு மானியமாகத்தான் எண்ண வேண்டும், லீகுகளுக்கு அதைக் கொடுப்பவர்கள் ஆட்டக்காரர்கள்.

2023 மார்ச்சில் ஆல்பனியிலிருந்து செய்தி வந்தது: எம்பயரில் ஆன்டோனியோ பிரவுன் பங்கு வாங்குகிறார்.

அமெரிக்க விளையாட்டைக் கொஞ்சமாவது பின்தொடர்பவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டாம். என்எஃப்எல் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் 2010 தேர்வில் ஆறாவது சுற்று, 195-வது ஆளாக எடுக்கப்பட்டவர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு ஆடி 2013 முதல் ஆறு சீசன் தொடர்ந்து நூறு பந்துக்கு மேல் பிடித்தார். டாம்பா பே அணியில் சேர்ந்து 2021 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதியில் டச்டவுனும் போட்டார். 2022 ஜனவரி 2 அன்று நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே சட்டையையும் தோள் கவசத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, கூட்டத்துக்குக் கையசைத்தபடி மைதானத்தைக் குறுக்காகக் கடந்து வெளியே போனார். என்எஃப்எல்லில் அவரை யாரும் அதற்குப் பின் பார்க்கவில்லை. அப்பா கொடிகட்டிப் பறந்த ஊரில் மகன் முதலாளியாக வருகிறார் என்றால் பழைய ஃபயர்பேர்ட்ஸ் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? டச்டவுன் எடியின் பிள்ளை! ஏப்ரலில், பெரும்பங்கு வைத்திருந்த மைக் குவார்ட்டா விலகிக்கொள்ள, பிரவுனிடம் 95 விழுக்காடு வந்து சேர்ந்தது. முழு முதலாளி.

அதன்பின் நடந்ததை வாரவாரியாக எழுதினால் ஆயாசமாக இருக்கும். பயிற்சியாளர் டேமன் வேர் போனார். 2021-ல் கோப்பை வாங்கித் தந்த டாம் மெனாஸ் திரும்ப வந்தார். அவரும் சில வாரத்தில் போனார். சம்பளம் குறித்த நாளில் வரவில்லை என்று ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். அனுபவசாலிகள் கழன்றுகொண்டார்கள். இரண்டு முறை சாம்பியனான அணிக்கு அந்த சீசனில் கிட்டியது ஒரே ஒரு வெற்றி. பிரவுன் தானே களமிறங்கப் போவதாக அறிவித்தார். அவரைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். எம்பயர் சட்டையில் அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை.

பத்திரிகைகள் எழுதியதெல்லாம் இந்தக் கூத்துகளைத்தான். எழுதத்தானே செய்வார்கள். ஆனால் அணியைக் கொன்றது கூத்து இல்லை. லீகின் அறிவிப்பைப் படித்தால் அது ஒரு கணக்குப்பிள்ளையின் குறிப்பு மாதிரி இருக்கும். ஏப்ரல் மாதப் பங்குத்தொகையைப் பிரவுன் கட்டிவிட்டு, பிறகு அதை ஆட்சேபித்து நிறுத்திவிட்டார். மே மாதத் தொகையைக் கட்டவே இல்லை. லீகைப் பற்றிப் பொதுவெளியில் பேசியதற்காக விதித்த 1,000 டாலர் அபராதத்தையும் கொடுக்க மறுத்தார். மற்ற அணிகளின் உரிமையாளர்கள் அவசரமாகத் தொலைபேசியில் கூடிப் பேசி உறுப்புரிமையை ரத்து செய்தார்கள். ஆல்பனியின் சீசன் பாதியில் நின்றது. ஆயிரம் டாலர் என்பது பிரவுன் தன் உச்சகாலத்தில் ஆடிய ஒரு நிமிடத்துக்குக்கூடக் காணாத தொகை.

என் கணிப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரவுன் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போவது எளிது. பழி அவருக்கு உரியதுதான். ஆனால் இரண்டு மாத நிலுவையில் நடப்புச் சாம்பியன் ஒன்று கவிழ்கிறது என்றால், அந்தக் கப்பல் அவர் ஏறுவதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் மனது வைத்தால் நடக்கும், வைக்காவிட்டால் நிற்கும் என்ற நிலையில் ஓர் அணியை அமைத்துவிட்டு, அந்த ஆள் யார் என்பதில் புகழை மட்டும் பார்த்தார்கள். உள்ளூரில் கூட்டம் சேர்க்க ஒரு நட்சத்திரப் பெயர் கிடைத்ததே என்ற மயக்கம். ஏழே அணிகள் உள்ள லீகில் ஒன்றை வெளியேற்றினால் மிச்ச ஆறின் அட்டவணையும் கிழியும், அவர்களின் சொந்த ஊர் ஆட்டம் ஒன்றோ இரண்டோ போகும், அந்த டிக்கெட் காசும் போகும். அப்படியும் வெளியேற்றத் துணிந்தார்கள் என்பதிலிருந்து நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்று ஊகிக்கலாம். அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எம்பயர் என்ற பெயரில் ஆல்பனியில் அதன்பின் யாரும் ஆடவில்லை. ஆட்டம் மட்டும் ஓராண்டுக்குள் திரும்பியது. அரினா ஃபுட்பால் லீகின் பெயரைப் புதியவர்கள் எடுத்து 2024-ல் பதினாறு அணிகளோடு தொடங்கினார்கள். அதில் ஓர் அணி ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸ். 1990-ன் அதே பெயர். உரிமையாளர் மைக் குவார்ட்டா, பயிற்சியாளர் டேமன் வேர், குவார்ட்டர்பேக் சாம் காஸ்ட்ரோனோவா. முந்தைய ஆண்டு அணியை விற்றவரும், வேலை போனவரும், கோப்பை வென்று கொடுத்தவரும் மறுபடி ஒரே கொட்டகையில். லீகோ சில வாரங்களிலேயே ஆட்டங்காணத் தொடங்கியது: வாக்களித்த பணம் வராமல் அணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, ஆணையரை மாற்றினார்கள், என்எஃப்எல்லின் பழைய பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷரை உட்கார வைத்து மிச்சத்தைக் கரைசேர்த்தார்கள். இறுதி ஆட்டம் நியூஜெர்சியில் ஒரு வணிக வளாகத்துக்குள் இருக்கும் பனிச்சறுக்கு அரங்கில். பில்லிங்ஸ் அவுட்லாஸிடம் 46–41 என்று ஆல்பனி தோற்றது.

அந்த லீகும் பிறகு கலைந்தது. தேறிய அணிகள் அரினா ஃபுட்பால் ஒன் என்று வேறு கடை போட்டன. 2025-ல் அதன் முதல் பட்டத்தை நாஷ்வில் கேட்ஸை வீழ்த்தி வென்றது ஆல்பனி ஃபயர்பேர்ட்ஸ். இந்த ஊர் பட்டம் வென்ற லீகுகள் இதோடு மூன்று.

(அடுத்த இதழில்: 2017-ல் யூட்டா மாநிலத்தில் ஒரே ஒரு சீசன் ஆடிய சால்ட் லேக் ஸ்க்ரீமிங் ஈகிள்ஸ். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்ததும் ரசிகர்கள், களத்தில் அடுத்த நகர்வு என்ன என்று கைபேசியில் வாக்களித்து முடிவு செய்ததும் ரசிகர்கள்.)